கன்று வீசியதும் காய்ச்சல் வந்ததும்

(கூட்டமைப்பின் புரட்டாசி மாதக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டவும்.)



நான் மைக் பிடித்தாலே தவணை பாக்கி பற்றித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அது கிடையாது. சம்பா நடவு நடக்கிறது, அடுத்து களை எடுப்பு, அதோடு மழையும் வரப் போகிறது. அதனால் எலிக்காய்ச்சல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் கிடையாது, சமூகப்பணி படித்தவள். மருத்துவர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த அக்கா சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம்.

2022-ம் வருஷம் ஐப்பசி மாதக் கூட்டத்தில் நாலாவது தீர்மானம்: உறுப்பினரின் கறவை மாடு 7 மாதச் சினையில் கன்று வீசிவிட்டதால் இந்த மாதத் தவணையை அடுத்த மாதத்தோடு சேர்த்துக் கட்ட அனுமதிக்கிறோம். அடுத்த பக்கத்தில் அதே உறுப்பினர் பெயருக்கு எதிரே: காய்ச்சல், கூட்டத்துக்கு வரவில்லை, அபராதம் ரூ.10. அதற்கடுத்த வாரம்: வரவில்லை, அபராதம் ரூ.10. மூன்று பக்கத்திலும் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது யார் தெரியுமா? நான்தான்.

அந்த இரண்டாவது அபராதம் எழுதிய நாளில் அந்த அக்கா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார். நமக்கு அது தெரியாது.

நடந்தது இதுதான். மாடு கன்று வீசிய அன்று வீட்டில் வேறு ஆள் இல்லை. கன்றை இழுத்துப் போட்டது, நஞ்சுக்கொடியை எடுத்தது, தொழுவத்தைக் கழுவியது எல்லாமே அவர் வெறுங்கையால் செய்தார். கையில் வெடிப்பு. காலில் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஏனென்றால் அதே வாரம் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து திடீரென்று குளிர்க்காய்ச்சல். மண்டையைப் பிளக்கிற தலைவலி. கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே கத்தினாராம். கண் இரண்டும் செவசெவ என்று ஆகிவிட்டது, ஆனால் பீளை கட்டவில்லை. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். கால்வலிக்கு எண்ணெய் தேய்த்தார்கள். அஞ்சாம் நாள் கண் மஞ்சளானதும் காமாலை என்று சொல்லி, பக்கத்து ஊரில் வேர் அரைத்துக் கொடுக்கிறவரிடம் கூட்டிப் போய் பத்தியம் வைத்தார்கள். ஏழாம் நாள் சிறுநீர் சரியாகப் போகவில்லை, மூச்சு வாங்கியது. அப்புறம்தான் 108-க்குப் போன் செய்தார்கள்.

பிழைத்துவிட்டார். 22 நாள் ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் கூலி இல்லை. மாட்டை வந்த விலைக்குத் தள்ளினார்கள், கடன் மட்டும் நின்றது. ஆனால் எல்லோரும் இப்படித் தப்பிக்க மாட்டார்கள். இந்த நோய் முற்றி மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு என்று போனால் நூறு பேரில் 5 முதல் 15 பேர் இறந்துவிடுகிறார்கள். நுரையீரலில் ரத்தம் கசிகிற வகையாக இருந்தால் பாதிப் பேர்கூடப் பிழைப்பதில்லை. இதெல்லாம் மாத்திரையில் தீரக்கூடிய ஒரு கிருமியால். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அது என்ன கிருமி? லெப்டோஸ்பைரா என்று பெயர். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்கு மெல்லிசு. சுருள் கம்பி மாதிரி முறுக்கி இருக்கும், நுனி கொக்கி போல வளைந்திருக்கும். 1907-ல் அமெரிக்காவில் ஸ்டிம்சன் என்கிற மருத்துவர், இறந்துபோன ஒரு நோயாளியின் சிறுநீரகத்தில் இதைப் பார்த்தார். கேள்விக்குறி மாதிரி இருக்கிறதே என்று அதே அர்த்தத்தில் லத்தீன் பெயர் வைத்தார். அந்த நோயாளி மஞ்சள் சுரத்தில் செத்ததாகத்தான் அப்போது நினைத்தார்கள். அன்றிலிருந்தே பாருங்கள், இந்த நோய்க்கு வேறு ஏதாவது நோயின் பெயரைத்தான் முதலில் வைக்கிறார்கள்.

1915-ல் ஜப்பான் நாட்டு கியூஷு தீவில், தண்ணீர் கட்டிய நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு வந்த காய்ச்சலில் இருந்து இனாடா, இடோ என்கிற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கிருமியைப் பிடித்துக் காட்டினார்கள். கொஞ்ச நாளில் எலியின் சிறுநீரகத்திலும் அது இருப்பது தெரிந்தது. எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்று கொழுத்து ஓடிக்கொண்டிருக்கும், போகிற இடமெல்லாம் மூத்திரத்தில் கிருமியை விட்டுக்கொண்டே போகும்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் இதற்கு இலையுதிர்காலக் காய்ச்சல் என்றும் ஏழுநாள் காய்ச்சல் என்றும் பெயர் இருந்தது. சீனாவில் நெல்வயல் காமாலை என்றார்கள். ஜெர்மனியில் சேற்றுக் காய்ச்சல். பன்றி மேய்க்கிறவர்கள் நோய் என்று சில நாட்டில், கரும்பு வெட்டுகிறவர்கள் நோய் என்று சில நாட்டில். ஒவ்வொரு ஊரிலும் யாருக்கு வந்ததோ, எங்கே வந்ததோ, அதை வைத்துப் பெயர். நாம் எலிக்காய்ச்சல் என்கிறோம். தப்பில்லை. ஆனால் எலிக்காய்ச்சல் என்றதும் நம் கண் எலி வளையைத்தான் பார்க்கிறது. மாடு, ஆடு, நாய், பன்றி, நாம் நிற்கிற சேறு, இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை. இந்தக் கிருமி பெரும்பாலான பாலூட்டி விலங்குகளின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். மூத்திரத்தில் வெளியே வரும். ஈரமான மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும், கொதிக்க வைத்தால் செத்துப்போகும், பிளீச்சிங் பவுடருக்கும் தாங்காது. நம் உடம்புக்குள் வருவதற்கு அதற்கு ஒரு கீறல் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். தண்ணீரிலேயே ஊறி வெளுத்துப்போன தோல் வழியாகவும் போகலாம் என்கிறார்கள். நடவு முடிந்து வருகிற கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? பல மாடுகளில் வெளியே ஒன்றும் தெரியாது. சிலதுக்கு திடீரென்று பால் இறங்கிப்போகும். மடி வீங்காமல் தளதளவென்று இருக்கும், பாலில் ரத்தச் சாயல் தெரியும். சினை மாடாக இருந்தால் கடைசி மாதங்களில் கன்று வீசும், அல்லது பலவீனமான கன்று பிறந்து செத்துப்போகும். திரும்பத் திரும்பச் சினை பிடிக்காமல் போவதற்கும் இது ஒரு காரணம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மாடு கன்று வீசினால் எல்லாமே இந்தக் கிருமி கிடையாது. புருசெல்லோசிஸ் என்று இன்னொரு நோய் இருக்கிறது, அதுவும் கன்று வீச வைக்கும், அதுவும் மனிதருக்குத் தொற்றும். வேறு காரணங்களும் உண்டு. பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அந்த அக்கா மாட்டுக்கு யாரும் ரத்தம் எடுக்கவில்லை. அதனால் மாட்டிடம் இருந்துதான் அவருக்கு வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வயல் சேற்றில் இருந்து வந்திருக்கலாம். வீட்டில் நெல் மூட்டைக்கு அடியில் குடியிருந்த எலியிடம் இருந்தும் வந்திருக்கலாம்.

இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சி செய்கிறவர்களும் கேட்கிறார்கள். நம் பக்கத்திலேயே கேட்டிருக்கிறார்கள், அது எனக்கு ரொம்ப ஆச்சரியம். 1990களில் சென்னை மாநகரத் துப்புரவுப் பணியாளர்களின் ரத்தத்தைச் சோதித்து, எத்தனை பேரை இந்தக் கிருமி தொட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். 2002-ல் சேலம் பகுதி அரிசி ஆலைத் தொழிலாளர்களிடம் இதே ஆய்வு வெளிவந்தது. அரிசி ஆலை ஏன் என்று யோசித்தேன். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், நெல் அவிக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும், களத்தில் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டு நடப்பது பெண்கள். வேறு என்ன வேண்டும்?

2011-ல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கம். காவிரிப் பள்ளத்தாக்கில் கறவை மாடு, எலி, மனிதர் என்று மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். லெப்டோஸ்பைராவில் 250-க்கு மேற்பட்ட உள்வகைகள் இருக்கின்றன. பொதுவாக ஒரு வகை எலியை விரும்பும், ஒரு வகை மாட்டை விரும்பும், ஒரு வகை நாயை விரும்பும். அப்படி இருக்கையில், ஜவானிகா என்கிற ஒரே வகை தொட்ட அடையாளம் எலியிலும் மாட்டிலும் ஆளிலும் இருந்தது. யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்று ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் யோசியுங்கள். வைக்கோல் போரில் எலி, அதே வைக்கோலைத் தின்னும் மாடு, அந்த மாட்டுத் தொழுவத்தைக் கழுவுவது நாம். தொழுவத்துத் தண்ணீர் ஓடி வாய்க்காலில் விழுகிறது, வாய்க்கால் வயலுக்குப் பாய்கிறது, வயலில் குனிந்து நிற்பதும் நாம்.

இத்தனை வருஷம் மாட்டு ரத்தத்தைக் கால்நடைத் துறை சோதித்தது, மனுஷ ரத்தத்தை சுகாதாரத் துறை சோதித்தது, மண்ணைச் சோதிக்க ஆளே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இப்போது உலகம் முழுவதும் பேசுகிறார்கள். 'ஒரே ஆரோக்கியம்' என்று அதற்குப் பெயர். அதிகாரிகள் இப்போதுதான் சேர்கிறார்கள். மாடு, சேறு, எலி, பிள்ளையின் காய்ச்சல் நாலையும் ஒரே நாளில் பார்க்கிற பெண்கள் எப்போதுமே இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது என் ஆதங்கம்.

மண்ணில் ஆராய்ச்சி செய்வது கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கிருமி ரொம்ப மெதுவாக வளரும். மாவு அரைத்து வைத்தால் ராத்திரியில் பொங்கிவிடுகிறது இல்லையா, அதில் வளர்கிற கிருமி அவ்வளவு வேகம். இதைப் பரிசோதனைச் சாலையில் வளர்த்தால் மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். அதற்குள் மண்ணில் இருக்கிற மற்ற கிருமிகள் வளர்ந்து இதை மூடிவிடும். இப்போது மரபணுவைத் தேடிப் பிடிக்கிற முறை வந்த பிறகு, உலகத்தில் எங்கெங்கோ மண்ணிலும் தண்ணீரிலும் புதுப்புது இனங்களைக் கண்டுபிடித்து, எண்ணிக்கை 60-ஐத் தாண்டிவிட்டது. அதில் பல இனங்கள் யாருக்கும் தீங்கு செய்யாதவை. ஆகவே வாய்க்கால் தண்ணீரில் லெப்டோஸ்பைரா இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே அலறக் கூடாது, எந்த வகை என்று கேட்க வேண்டும்.

அந்தமான் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நம் தமிழ் ஜனங்களும் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். 1988-ல் இருந்து வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் பக்கம் மழை முடிகிற சமயத்தில் காய்ச்சல் வரும், இருமினால் ரத்தம் வரும், ஆள் போய்விடுவார். என்ன நோய் என்றே தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1993-ல்தான் ரத்தத்தைச் சோதித்து இந்தக் கிருமி என்று கண்டுபிடித்தார்கள். பிறகு அங்கேயே 782 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2000-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் மாத்திரை, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்களையும் கிருமி தொட்டது, அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் காய்ச்சலில் விழுந்தவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள். 2018 வெள்ளத்தின்போது கேரளாவில் தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தார்கள். உடனே கடைக்குப் போய் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது கூடாது. யாருக்கு, எப்போது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிரேசிலில் சால்வடோர் என்று ஒரு நகரம். 1996-ல் அங்கே குடிசைப் பகுதியில் இந்த நோய் பரவியபோது நிறையப் பேரை டெங்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஊரிலும் டெங்கு வருகிற மாதமும் இது வருகிற மாதமும் ஒன்றுதான். ஆகவே டாக்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பத்து பேர் காய்ச்சல் என்று வரிசையில் நிற்கும்போது, நாம் வயலில் நின்றதும் மாடு கன்று வீசியதும் அவருக்கு எப்படித் தெரியும்? அந்த அக்காவிடம் ஆஸ்பத்திரியில் முதல் நாள் என்ன சொன்னீங்க என்று கேட்டேன். காய்ச்சல், வாந்தி, காமாலை என்று சொன்னாராம். மாட்டைப் பற்றிச் சொன்னீங்களா? "மாட்டுக் கதையை டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்" என்றார். அங்கே ஒரு பயிற்சி மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, களை எடுக்கப் போனீங்களா என்று தானாகக் கேட்டதால்தான் அந்தப் பரிசோதனையே எழுதினார்கள்.

பரிசோதனையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நம் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவான பிறகுதான் பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகள் காட்டும். அதற்கு அஞ்சாறு நாள் ஆகும். இரண்டாம் நாள் எடுத்துவிட்டு, 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மறுபடி போக வேண்டும். முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. நம் ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிநீரை, உயிரோடு வளர்த்து வைத்திருக்கிற பல வகைக் கிருமிகளோடு தனித்தனியாகக் கலப்பார்கள். எந்த வகையோடு சேரும்போது பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக ஒட்டுகிறதோ, அந்த வகை நம்மைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து இருபது வகைக் கிருமியை உயிரோடு காப்பாற்றி வைத்திருக்க வேண்டும் என்பதால் எல்லா ஊரிலும் இது கிடையாது. அதனால் அறிகுறியும் வேலையும் ஒத்துப்போனால் முடிவு வருவதற்கு முன்னாடியே டாக்டர்கள் மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். ஆரம்பத்தில் கொடுத்தால் விலை குறைந்த, நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிற மருந்துதான்.

ஆகவே காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: போன மாதத்தில் சேற்றில், தேங்கின தண்ணீரில் வேலை செய்தேன். வீட்டில் ஆடு, மாடு கன்று வீசியது, நான்தான் எடுத்துப் போட்டேன். வீட்டில் எலி அதிகம். இதில் எது உண்மையோ அதை. கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் இருந்தால் அதை மறக்காமல். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, எச்சிலில் ரத்தம் வந்தாலோ வேர் அரைக்கிறவரிடம் போகிற நேரம் இல்லை அது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

வராமல் தடுக்க என்ன செய்வது என்று துண்டுப் பிரசுரத்தில் எல்லாம் கம்பூட்ஸ் போடுங்கள் என்று எழுதியிருக்கும். எழுதினவர் நாற்று நட்டவர் இல்லை என்று நினைக்கிறேன். உளையில் கம்பூட்ஸ் போட்டு நாலடி வையுங்கள் பார்ப்போம், பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வரும். வாய்க்கால் தூர்வாருகிற வேலைக்கு, தொழுவம் கழுவுகிற வேலைக்குப் போடலாம், அங்கே போடுங்கள். நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள் சேற்றுப்புண்ணை முதலில் ஆற்றுங்கள். மருதாணி வைப்பீர்களோ, களிம்பு போடுவீர்களோ, புண்ணோடு இறங்குவதைத் தவிர்க்கப் பாருங்கள். கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவி வாய் கொப்பளிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, அது வேண்டாம். குடத்தில் நல்ல தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் வரப்புக்குக் கொண்டு போகலாம். கூலி கொடுக்கிறவர் அதைக்கூட வைக்க மாட்டாரா? குழுவாகப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

கன்று வீசினால் வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை கிடைக்காவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். நல்ல பிரசவத்தில் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம், கன்று வீசினதை அப்படிக் கட்டாதீர்கள். நாய் இழுக்கும், கீழே ஒழுகும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு, கிணற்றுக்குத் தள்ளிப் புதையுங்கள். அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். அந்த மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டு 1962-க்கு அல்லது கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்து, ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். மாட்டுக்கும் மருந்து உண்டு. நியூசிலாந்தில் பால் கறக்கிறவர்களுக்கு இந்தக் காய்ச்சல் நிறைய வந்தபோது, 1980களில் மாடுகளுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்டார்கள், ஆட்களுக்கு வருவது குறைந்தது. நம் பக்கத்தில் கறவை மாட்டுக்கு அந்த ஊசி வழக்கத்தில் இல்லை. கால்நடைத் துறை அதிகாரிகள் நம் கூட்டத்துக்கு வரும்போது இதைக் கேட்க வேண்டும்.

எலிக்கு ஒரு வீட்டில் மட்டும் மருந்து வைத்தால் பக்கத்து வீட்டு எலி வரும். தெரு முழுக்க ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். வயலில் கிட்டி வைக்கிறவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், நடவுக்கு முன்னாடியே கூப்பிடுங்கள். அவர்களுக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள், எலியை நேராகக் கையில் பிடிக்கிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, தீர்மானப் புத்தகம். அந்த நோட்டில் கன்று வீசினதும் காய்ச்சலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. எழுதியது நாம், படித்தது நாம், கையெழுத்துப் போட்டது நான். ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தவணை வந்ததா, அபராதம் வந்ததா என்று மட்டும் பார்த்தோம். ஆகவே இந்த மாதம் முதல் எல்லாக் குழுவிலும் வருகைப் பதிவுக்குப் பிறகு இரண்டு கேள்வி கேட்டு எழுதச் சொல்கிறேன். போன கூட்டத்துக்குப் பிறகு யார் வீட்டில் காய்ச்சல்? யார் வீட்டில் ஆடு, மாடு கன்று குட்டி வீசியது, அல்லது திடீரென்று பால் இறங்கியது? தேதியோடு எழுதுங்கள். ஒரே தெருவில் இரண்டும் இருந்தால் ஊக்குநர் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்ல வேண்டும், ஒருவருக்குச் சொன்னால் போதாது. காய்ச்சலில் வராதவர்களுக்கு அபராதம் கிடையாது, யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த அக்காவின் 20 ரூபாயைத் திருப்பி அவர் சேமிப்பில் வரவு வைத்தாகிவிட்டது, அதற்கும் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

(பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் சில)

பால் மூலமாக வருமா?

காய்ச்சிக் குடித்தால் பயமில்லை. கறந்த சூட்டோடு பச்சைப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேண்டாம். இந்த நோய்க்கு மட்டும் சொல்லவில்லை, புருசெல்லோசிசுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாங்கள் பஞ்சகவ்யம் தயாரித்து விற்கிறோம். கோமியத்தைத் தொடக் கூடாதா?

விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. கன்று வீசின மாடு, காய்ச்சல் கண்ட மாடு, பால் திடீரென்று இறங்கின மாடு, இவற்றின் கோமியத்தை எடுக்காதீர்கள். மற்றதைப் பிடிக்கும்போதும் கலக்கும்போதும் கையுறை போடுங்கள். கையை விட்டுக் கலக்காமல் கழியால் கலக்குங்கள். முகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்கிறோம், அதற்கு ஊசி உண்டா?

உண்டு. வெறிநாய் ஊசி வேறு, இது வேறு. நாய்க்குப் போடுகிற கூட்டுத் தடுப்பூசி சிலவற்றில் இதுவும் சேர்ந்திருக்கும். கால்நடை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்ட நாயாக இருந்தாலும் அதன் மூத்திரத்தைக் கழுவும்போது கையில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் கவனித்துக்கொள்கிறவருக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஆளிடம் இருந்து ஆளுக்குப் பரவுவது ரொம்ப அபூர்வம். அதனால் ஒதுக்கி வைக்க வேண்டாம். கூட உட்காரலாம், சோறு ஊட்டலாம். ஆனால் ஒரே வீட்டில் எல்லோரும் அதே எலி, அதே மாடு, அதே வயலோடுதான் இருப்பீர்கள். ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு உண்டு. அடுத்த மூன்று நாலு வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தாமதிக்காமல் கூட்டிப் போங்கள், முதலில் வந்தவரின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.